சாமித் தகடு

ஜீப்பின் முகப்பில் இருக்கும் கருப்பசாமித் தகட்டைக் கழற்றிக் கொடு, இல்லையென்றால் ஜீப்புச் சாவியைக் கொடு. இரண்டில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று திங்கட்கிழமை சாயங்காலம் பொன்னுத்துரை கறாராகச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ஜீவிதா ஓரிடத்தில் உட்காரவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறாள். வாசலில் நிற்கிற ஜீப்பைப் பார்க்கிறாள். உள்ளே திரும்பிப் போனால் உலைத் தண்ணீர் பாதி வற்றிக் கிடக்கிறது. இதென்ன கிறுக்கு என்று தன்னையே வைதுகொண்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றுகிறாள்.

பொன்னுத்துரை அவள் புருசன் ஈஸ்வரனுக்கு அண்ணன். இரண்டு வழி சொன்னாரே, பரவாயில்லையே என்று அவரை நியாயஸ்தன் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. சாமியைக் கழற்ற அந்த வகையறாவில் ஒருத்தருக்கும் கை வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கழற்ற முடியாது என்றால் மிச்சம் இருப்பது சாவிதானே. அந்தச் சாவிக்காக அவர் மகன் முகேஷ்குமார் திருப்பூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாசமாகக் கட்டிலில் படுத்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

அகரத்தைத் தாண்டி, கொடகனாற்றுக்கு அக்கரையில் இருப்பது மொத்தமே முப்பத்தைந்து வீடுகள். சம்பங்கியும் மல்லியும் கத்தரியும் போடுகிற காடு. நாலு நாள் மழை விழுந்துவிட்டால் வண்டிப்பாதை சேறாகிவிடும். ஆற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். லோடு ஆட்டோ, மினி லாரி எல்லாம் இக்கரையிலேயே நின்று ஆரன் அடிக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்தப் பழைய டீசல் ஜீப் ஒன்றுதான் உள்ளே வரும், வெளியே போகும்.

செத்துப்போன மாமனார் மொக்கைச்சாமி அதை வாங்கியபோது முகப்பில் கம்பெனிக்காரனின் இங்கிலீஷ் எழுத்துத் தகடு இருந்ததாம். அதைப் பிடுங்கிவிட்டு, குதிரை மேல் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் கருப்பை உள்ளங்கையகலப் பித்தளையில் அடித்து வாங்கி, நாலு மூலைக்கும் நாலு போல்ட் போட்டு முடுக்கினார். அன்றிலிருந்து அது சாமி வண்டி. மாசிச் சிவராத்திரிக்குச் சாமிப்பெட்டி அதில்தான் கோயிலுக்குப் போகும். கிழவர் காலத்துக்கு அப்புறம் காட்டைப் பிரித்தார்கள், கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்தார்கள். ஜீப்பைப் பிரிக்க வழியில்லை. பொன்னுத்துரைக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி ஸ்டியரிங்கை விட்டாயிற்று. அதனால் இளையவன் ஈஸ்வரன் ஓட்டிக்கொள்ளட்டும், சிவராத்திரிக்கு மட்டும் பொது என்று பேசி முடித்தார்கள்.

போன தையில் தேங்காய் லோடு சரிந்து ஈஸ்வரன் இடுப்பில் விழுந்தது. இடுப்புக்கு பெல்ட் போட்டுப் படுத்தவன் இன்னும் கம்பை ஊன்றித்தான் கொல்லைக்குப் போகிறான். ஜீவிதா ஆற்று மணலில் பத்து நாள் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கி, எட்டு மாசமாக அவள்தான் ஓட்டுகிறாள். விடிந்ததும் பூவெடுக்கும் பெண்களைக் காட்டில் இறக்கிவிடுவாள். பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போவாள். திரும்பும்போது உர மூட்டை, கோழித்தீவனம், யாராவது மாத்திரை மருந்து சொல்லியிருந்தால் அது. குடும்பத்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மாசத்தில் அந்த மூன்று நாள் அவள் சாமி வண்டியைத் தொடக் கூடாது.

ஏழு மாசம் அதைக் காப்பாற்றினாள். ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் மல்லி மலை மாதிரி குவிந்து கிடக்க, வேறு வண்டி கிடைக்காமல், யாருக்குத் தெரியப்போகிறது என்று எடுத்துவிட்டாள். தரைப்பாலத்தில் வலது முன்சக்கரத்தின் மேல் பாரம் தாங்கும் வில்பட்டை படீரென்று முறிந்து வண்டி சாய்ந்தது. ஆறு மூட்டை மல்லி ஆற்றில் மிதந்துகொண்டு போனது. அப்புறம் என்ன, நாள் எண்ணத் தெரிந்தவர்கள் எல்லோரும் விரலை மடக்கி எண்ணினார்கள். தீட்டோடு ஏறினாள், கருப்பு காட்டிவிட்டார் என்று முடிவாகிவிட்டது.

ஜீவிதாவுக்கே அந்தப் பயம் உள்ளே இருந்ததுதான் கொடுமை. அவளும் தினம் காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் அந்தப் பித்தளைக் குதிரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள்தான். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது, "கருப்பா, முன்னால நீ போ, பின்னால நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவாள். அவரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதா? ஓட்டாமல் இருந்தால் படுத்துக்கிடக்கிற மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

புதன்கிழமை காலையில் தூறல் விடவில்லை. பூவெடுக்கும் பெண்கள் ஏழு பேரில் ஆறு பேர் சாக்குப் பையைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் வெள்ளைத்தாய். ஏழு பேரில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

"என்னாத்தா முடிவு பண்ணிருக்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலக்கா. தலையே ஓடல."

"முகேசு ஓட்டுனா நாங்க ஏற மாட்டோம், சொல்லிட்டேன். அன்னைக்கு அவுக அப்பாவைப் பைக்குல கூட்டிக்கிட்டு அகரம் போனான்ல? வளைவுல ஒரு ஒடி ஒடிச்சான், மனுசன் கீரைப்பாத்தியில கிடக்காரு."

பின்னால் இருந்து சிரிப்பு எழுந்தது. ஜீவிதாவும் சிரித்தாள். சிரித்த கையோடு கியர் பிசகி வண்டி குலுங்கி நின்றது.

"நீயும் கீரைக்கு அனுப்பிறாத தாயி."

"அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? அன்னைக்குப் பட்டை முறிஞ்சுச்சே, அது நெசமாவே என்னாலதானா?"

வெள்ளைத்தாய் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். "எனக்கென்னத்தா தெரியும். நாங்க ஏழு பொம்பளைக ஏறுறோம். ஏழு பேருக்கும் மாசத்துல ஏழு கணக்கு. ஒரு நாளும் வண்டி சுத்தமா போயிருக்காது. அம்புட்டு நாளும் முறியாத பட்டை, நீ ஏறுனன்னைக்கு முறியுமாக்கும்?"

"சாமியவே கேலி பண்ணாதக்கா."

"சாமியை யாரு கேலி பண்ணா. கணக்கைச் சொன்னேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு ஜீவிதா நேராக பேகம்பூருக்கு விட்டாள். அங்கே கிதர் முகம்மதுவின் டிங்கர் பட்டறை. மொக்கைச்சாமி காலத்திலிருந்து அந்த ஜீப்புக்குத் தட்டுவது, ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர்தான். அறுபது வயசைத் தாண்டியவர். பன் பட்டர் ஜாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இவளைப் பார்த்ததும் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"வேண்டாம் பாய், பசியில்ல."

"பசியில்லாத மூஞ்சியா இது? சாப்புடும்மா. அப்புறம் பேசு."

வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். தகட்டைக் கழற்றினால் அந்த இடம் அசிங்கமாக ஓட்டையாகத் தெரியுமா என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் வந்ததுபோல அவளுக்கே தோன்றியது.

கிதர் முகம்மது குனிந்து தகட்டைப் பார்த்தார், தொடவில்லை. சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் வருசக்கணக்கில் ஏறி, போல்ட்டுத் தலைகளே தெரியவில்லை.

"ஓட்டை கிடக்கட்டும், அதுக்கு மேல பழைய கம்பெனித் தகடு ஒண்ணு போட்டுறலாம். எங்கிட்ட இருக்கு. ஆனா தங்கச்சி, இதுல நானாப் போயி ஸ்பேனர் வைக்க மாட்டேன். எல்லாரும் கும்பிடுற இடம். நாளைக்கு ஒரு ஆட்டுக்குட்டி செத்தாக்கூட பாய் கழட்டுனான், அதான்னு பேச்சு வரும். உங்க சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டு வா. உன் கையால முதத் திருகு திருகு. மிச்சம் நான் பாத்துக்குறேன்."

"பாய், பட்டை முறிஞ்சது..."

"அது தேஞ்சு நாலு வருசமாச்சு. உங்க வீட்டுக்காருகிட்ட அப்பவே சொன்னேன், மாத்துப்பான்னு. பாத்துக்கலாம் பாய், பாத்துக்கலாம்னே ஓட்டுனாரு." பன்னைக் காட்டினார். "அதைச் சாப்புடு மொதல்ல."

வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரனைப் பிடித்துக்கொண்டாள். அவன் கட்டிலில் சாய்ந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"தேஞ்சிருக்குன்னு பாய் உங்ககிட்ட சொன்னாராம்ல? ஊரே என்னைய வைதுச்சே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

ஈஸ்வரன் சுவரைப் பார்த்தான். "அண்ணன் முன்னால எப்படிச் சொல்றது ஜீவி? வண்டியைக் கவனிக்கலைன்னு அதுக்கு வேற பேசுவாரு."

"உங்க அண்ணனுக்குப் பயந்துக்கிட்டு என்னையப் பலி குடுத்துட்டீக."

அவன் பெல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டே, "பூக் கட்டிப் பாக்கச் சொல்லலாம். சாமியே சொல்லட்டும். அண்ணன் அதுக்கு மறுப்புச் சொல்ல மாட்டாரு" என்றான்.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டிலிருந்து பொன்னழகு வந்தாள். பொன்னுத்துரையின் பெண்டாட்டி. கையில் ஒரு தூக்குவாளி. சிரித்த முகத்தோடு அவள் ஒரு பொருளைக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. வாளியை நங்கென்று வைத்தாள்.

"கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வண்டி ஓட்டுறவ வீட்டுல ஒரு வெஞ்சனமாவது இருக்கான்னு பாக்க வந்தேன். இருக்காதுன்னு தெரியும். என்ன சத்தம்?"

ஜீவிதா பூக் கட்டிப் பார்க்கிற யோசனையைச் சொன்னாள். சொல்லும்போதே இவள் என்ன எடக்குச் செய்யப்போகிறாளோ என்று எரிச்சலாக இருந்தது. ஓரகத்தியாக வந்த பத்து வருசத்தில் பொன்னழகின் வாயிலிருந்து அவள் ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை.

பொன்னழகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கட்டிப் பாக்க வேண்டியதுதான். அந்த வீட்டுல மூத்த மருமக நான். நான்தான் பூக் கட்டணும். உங்க அத்தான்கிட்ட நானே சொல்றேன். குழம்பைச் சூடு பண்ணிட்டு வாளியைக் கழுவிக் குடு, ஈரத்தோட குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னுத்துரை உடனே சம்மதித்தார். தன் முகத்தை வண்டியிலிருந்து பிடுங்கச் சொல்லி எந்தச் சாமி உத்தரவு கொடுக்கும் என்பது அவர் நினைப்பு. முகேஷ்குமார் அன்றைக்கே ஜீப்பில் மாட்ட ஸ்பீக்கர் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஆற்றோரத்துக் கருப்பு கோயிலில் கூடினார்கள். கோயில் என்றால் கோபுரம் கீபுரம் இல்லை. இரண்டு மருதமரம், ஒரு மேடை, நட்டுவைத்த அரிவாள்கள். மழை நின்றிருந்தது, மரம்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஈஸ்வரனை நாற்காலியோடு தூக்கி வந்து உட்காரவைத்தார்கள். பூசாரி அன்புமணி கைகால் கழுவிவிட்டு வந்து திருநீறு பூசினார்.

பொன்னுத்துரை கையைக் கட்டிக்கொண்டு கேள்வியைச் சொன்னார். "அய்யா கருப்பா. வெள்ளப் பூ வந்தா உன் தகடை வண்டியில இருந்து எறக்கி இங்க கோயில்ல வச்சிருவோம். வண்டி இந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும். செவப்பு வந்தா நீ வண்டியிலயே இருக்க, சாவி என் வீட்டுக்கு வரணும். நீதான் சொல்லணும்."

பொன்னழகு தட்டில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் தட்டைக் காட்டினாள். முறைப்படி மரத்துக்குப் பின்னால் போய், வாழையிலைக் கிழிசலில் தனித்தனியாக மடித்து நாரால் கட்டினாள். ஒன்றுபோல இரண்டு பொட்டலம். மேடையில் வைத்துவிட்டு, மீந்த பூவை ஆற்றில் போட்டுவிட்டு, விலகி நின்றாள்.

சூடம் எரிந்தது. ஜீவிதா கையைக் கூப்பிக்கொண்டாள். எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? வெள்ளை வந்தால் வண்டி தன்னிடம் நிற்கும், சாமி போய்விடும். சிவப்பு வந்தால் சாமி நிற்கும், அவள் இறங்க வேண்டும். எதையும் கேட்கத் துணியாமல், "என்னைய விட்டுறாத, என்னைய விட்டுறாத" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அன்புமணி கண்ணை மூடிக்கொண்டு தடவி ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரை அறுத்தார். வெள்ளை.

பொன்னுத்துரை முகம் செத்துப்போயிற்று. "இன்னொண்ணையும் பிரிங்க பூசாரி" என்றார்.

"எதுக்கு?" என்று பொன்னழகு முன்னால் வந்தாள். "சாமி ஒரு வார்த்தை சொன்னதுக்கு அப்புறம் அவரைச் சோதிக்கிறீகளா? மத்தது ஆத்துக்கு. அதுதான் முறை." மேடையிலிருந்த பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூசாரியும், "கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. அம்புட்டுத்தான்ப்பா" என்று சொல்லிவிட்டார். பொன்னுத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எவ்வளவு வீம்புக்காரராக இருந்தாலும் கருப்புக்கு எதிராக வாயைத் திறக்கிற ஆள் இல்லை அவர்.

ஜெயித்தது ஜீவிதாதான். ஆனால் வீட்டுக்கு வந்து கொல்லையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். போடீ, உன்னோடு வர எனக்கு இஷ்டமில்லை என்று சாமியே சொல்லிவிட்டதே. நாளைக்கு அந்தப் பாலத்தில் யார் பேரைச் சொல்லி இறங்குவது? கம்பை ஊன்றிக்கொண்டு ஈஸ்வரன் வந்து, "வண்டி நம்மகிட்டயே நின்னுருச்சுல்ல, எதுக்குடி அழுகுற?" என்று கேட்டான். உங்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

சனிக்கிழமை கிதர் முகம்மது பட்டறை. சாமியை மஞ்சள் துணியில் ஏந்தி வருவது மூத்த மருமகளின் பொறுப்பு என்பதால் பொன்னழகும் வந்தாக வேண்டும். ஜீவிதா ஏறச் சொல்லிக் கூப்பிட்டும் கேளாமல் அகரம் வரை நடந்து, டவுன் பஸ் பிடித்து, ஜீப்புக்கு முன்னாலேயே பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"சொன்னா கேக்குறீகளாக்கா? சேத்துல நடந்து காலைப் பாருங்க."

"என் காலு, நான் கழுவிக்கிறேன்."

கிதர் முகம்மது வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஜீவிதா மஞ்சள் கலந்த வெந்நீரால் தகட்டைக் கழுவினாள். சந்தனக்கட்டி ஊறிப் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. குதிரையின் கால், அரிவாளின் நுனி, கருப்பின் மீசை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இவ்வளவு அழகாக இருந்தாரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்பேனரை வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் போல்ட்டைத் திருப்பினாள். கிறீச்சென்று இளகியது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தாள், சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள்.

"பாய், அவருக்கு வர இஷ்டமில்ல போலிருக்கு. வேண்டாம், விட்டுருவோம்."

"துருதான்ம்மா. துருவுக்கு ஏது இஷ்டம்" என்று கிதர் முகம்மது எழுந்தார்.

அவர் வருவதற்குள் பொன்னழகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீவிதாவைத் தோளால் தள்ளினாள். "நகரு." ஸ்பேனரைப் போட்டு, ஒரு காலை பம்பரில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. போல்ட்டு படக்கென்று தலை முறிந்து தரையில் உருண்டது. நிறுத்தாமல் நாலாவதையும் அவளே கழற்றினாள்.

தகடு இருந்த இடத்தில் வண்டியின் ஆதிப் பச்சை நிறம் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் குளவி கட்டின மண்கூடு. அதைச் சுரண்டிவிட்டு, கிதர் முகம்மது தன் தகரப்பெட்டியைக் கொட்டினார். உடைத்துப் போட்ட வண்டிகளின் எழுத்தும் சின்னமுமாகக் கிடந்தன. இந்த ஜீப்பின் வருசத்துக்கே உள்ள ஒரு கம்பெனித் தகட்டைப் பொறுக்கி எடுத்தார். பளபளப்பு பாதி போயிருந்தது. ஓட்டைகள் பொருந்தாததால் புதிதாக இரண்டு துளை போட்டு முடுக்கினார்.

"இப்பத்தான் பொறந்தப்ப இருந்த மூஞ்சி" என்றார்.

ஜீவிதாவுக்கு அது யாரோ ஊர் பேர் தெரியாத வண்டியாகத் தெரிந்தது. பொன்னழகு பித்தளைக் கருப்பை மஞ்சள் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்புப் பக்கம் போவாள் என்று பார்த்தால், நேரே வந்து ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பாக்குற? எடு."

தாடிக்கொம்பைத் தாண்டினார்கள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அகரத்தில் திரும்பி மண்பாதையில் இறங்கியதும் பொன்னழகு இடுப்பிலிருந்து நேற்றைய வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். வாடிச் சுருங்கியிருந்தது. நாரைப் பிய்த்து இலையை விரித்து ஜீவிதா பக்கம் நீட்டினாள்.

உள்ளே நந்தியாவட்டை.

ஜீவிதா பிரேக்கை மிதித்தாள். ஜீப் பாதையின் நடுவில் உறுமிக்கொண்டு நின்றது.

"அக்கா. ரெண்டுலயும் வெள்ளையவா கட்டுனீக?"

"ஆமா. அரளியை ஆத்துல போட்டுட்டேன்."

"சாமி காரியத்துலயா? அய்யோ, என்னக்கா இது! நான் நேத்து முழுக்க, சாமி என்னைய வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு..." சொல்ல முடியாமல் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்படியானால் கருப்பு அவளைப் போகச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கின மாதிரியும் இருந்தது, இவ்வளவு பெரிய பொய்யா என்று நடுக்கமாகவும் இருந்தது. "எனக்காகவா செஞ்சீக? என்னையக் கண்டாலே ஆகாதே உங்களுக்கு."

"உனக்காக ஒண்ணும் செய்யல, ரொம்ப நெளியாத. வண்டியை எடு, மழை வருது."

ஜீவிதா எடுக்கவில்லை. பொன்னழகு மடியிலிருந்த மஞ்சள் துணியைச் சரிப்படுத்தினாள்.

"எனக்கு மொதப் புள்ள தங்கலைன்னு கேள்விப்பட்டிருப்ப. எப்படித் தங்காமப் போச்சுன்னு எவளாச்சும் சொன்னாளா?"

"இல்லக்கா."

"இருபத்தி நாலு வருசமாச்சு. இதே ஐப்பசி. இந்தத் தகடை அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல. மத்தியானம் வலி கண்டுருச்சு. பாலத்து மேல முட்டிக்கு மேல தண்ணி. வாசல்ல இந்த வண்டி நிக்குது. உங்க அத்தான் அப்ப ஓட்டுவாரு, சாவியை எடுத்துட்டாரு. மாமா குறுக்க வந்து நின்னுக்கிட்டாக. பேறுகாலத் தீட்டு, ரத்தம் கித்தம் பட்டா சாமி வண்டி என்னத்துக்கு ஆகும், தண்ணி வத்தட்டும், கட்டில்ல தூக்கிட்டுப் போவோம்னுட்டாக. உங்க அத்தான் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. நான் கத்துறேன். மறுநாள் விடிஞ்சு கட்டில்ல தூக்கிக்கிட்டு இந்த ஆத்துல எறங்குனாக. ஆசுபத்திரியில போயிச் செத்த புள்ளையத்தான் எடுத்தாக. பொம்பளப் புள்ள."

மழை வந்துவிட்டது. ஜீவிதா வைப்பரைப் போட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"அன்னையில இருந்து இந்த வண்டியில நான் ஏறல. வருசா வருசம் இந்தத் தகடுக்கு மஞ்சப் பூசுவேன். பூசுறப்பல்லாம் இதைப் பிடுங்கணும், பிடுங்கணும்னு கை பரபரங்கும்." மடியில் இருந்ததைத் தட்டினாள். "இவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இவரு எங்க வேண்டாம்னாரு? இவரு பேரைச் சொல்லிக்கிட்டு மறிச்சு நின்ன மனுசங்கதான். சாவி முகேசுக்குப் போனா தகடு அங்கயே இருக்கும். நாளைக்கு அவனுக்கு ஒருத்தி வருவா, அவளுக்கும் வலி வரும். மாமா நின்ன மாதிரி அவுக அப்பன் குறுக்க நிப்பாரு. அதான் கட்டுனேன். பாவம்னா என்னையவே வந்து கேக்கட்டும் கருப்பு. பதில் வச்சிருக்கேன்."

ஜீவிதா அவள் கையைப் பிடிக்கப் போனாள். பொன்னழகு கையை எடுத்துக்கொண்டு, "ரோட்டைப் பாரு" என்றாள்.

ஆற்றங்கரைக்கு வந்தார்கள். தரைப்பாலத்தின் மேல் செந்தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அக்கரையில் அவர்கள் வீட்டுத் தென்னைகள் மழைக்குள் தெரிந்தன. ஜீவிதா நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்னக் கம்பியைத் தள்ளினாள். பழக்கத்தில் வாய் கருப்பா என்று ஆரம்பித்து நின்றது. பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். பொன்னழகு சாமியை இறுக்கி அணைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவிதா முதல் கியரைப் போட்டு மெதுவாக இறக்கினாள்.

தண்ணீர் கதவில் மோதியது. வண்டி ஒரு தடவை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. ஸ்டியரிங்கை ஒடித்து நேராக்கினாள். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. அவ்வளவுதான். முன்சக்கரம் அக்கரை மேட்டைப் பிடித்தது, பின்சக்கரமும் ஏறியது.

"நிறுத்து" என்றாள் பொன்னழகு.

ஜீவிதா நிறுத்தினாள். பொன்னழகு கழுத்தைத் திருப்பி, கடந்து வந்த ஆற்றைப் பார்த்தாள். அகரத்துப் பக்கத்துக் கரையைப் பார்த்தாள். மறுபடி ஆற்றைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இம்புட்டு நேரந்தான்டி ஆகியிருக்கும்?"

"ஆமாக்கா" என்றாள் ஜீவிதா. "இம்புட்டு நேரந்தான்."